குழலுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி: வன்னியின் வயல் துவக்கும் குறியின் கணக்கும்

காலபோக நெல் கதிர் முற்றும் தை மாதத்தில் வன்னியின் குளத்தடி வயல்களில் இரவு என்பது உறங்கும் நேரம் அல்ல. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய், செட்டிகுளம், அக்கராயன் என்று எந்தப் பக்கம் போனாலும் காவல் கொட்டிலில் ஒருவர் ரோர்ச் லைற்றோடு விழித்திருப்பார். யானை வந்தால் வெடி கொளுத்த வேண்டும். பன்றி வந்தால் தகரம் தட்ட வேண்டும். விடிந்த பிறகு குரங்கின் முறை. கச்சான், மரவள்ளி, சோளம், தென்னங்குரும்பை என்று எதுவும் தப்புவதில்லை.

இந்தக் களைப்பில் இருந்துதான் "துவக்கு ஒன்று இருந்தால்" என்ற பேச்சு எழுகின்றது. அதனோடு இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகின்றது. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் துவக்குக் குழலுக்குள் செருகிக் குறி சரிபார்க்கும் சின்ன லேசர் கருவி ஒன்றைப் பலரும் கைபேசித் திரையில் பார்த்திருக்கின்றார்கள். அது இருந்தால் சூடு தவறாது, வீண் உயிர்ச்சேதம் வராது என்ற நம்பிக்கையும் பரவியிருக்கின்றது.

அந்தக் கருவி உண்மையில் என்ன செய்கின்றது, வன்னியில் இருக்கும் துவக்குகளுக்கு அது பொருந்துமா என்பதை இந்தக் கட்டுரை விளக்குகின்றது. சுருக்கமான பதில் இதுதான்: குழல் எந்தத் திசையைப் பார்க்கின்றது என்பதை மட்டுமே லேசர் சொல்லும். சன்னம் எங்கே போய் விழும் என்பதை அது சொல்லாது. அந்தத் திசையில் யார் நிற்கின்றார்கள் என்பதையும் சொல்லாது.

கருவி என்ன செய்கின்றது?

ஒரு ரைபிளில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்று குழலின் நடுவால் நேராகப் போகும் கோடு. மற்றையது சுடுபவரின் கண்ணில் இருந்து குறிகாட்டி ஊடாகப் போகும் கோடு. குறிகாட்டி என்பது குழலின் மேல் உள்ள முன்குறி, பின்குறியாக இருக்கலாம், மேலே பூட்டிய தொலைநோக்கியாகவும் இருக்கலாம். குறிகாட்டி எப்போதும் குழலுக்கு மேலேதான் இருக்கும். தொலைநோக்கி என்றால் இந்த இடைவெளி ஏறத்தாழ 4 முதல் 5 சென்ரிமீற்றர் வரை வரும். ஆகவே இரண்டு கோடுகளும் ஒன்றல்ல. தேவையான தூரத்தில் சன்னத்தின் பாதையும் பார்வைக் கோடும் சந்திக்கும்படி குறிகாட்டியின் திருகாணிகளைத் திருப்பி அமைப்பதே "குறி சரிப்படுத்தல்".

புதிதாகப் பூட்டிய தொலைநோக்கி எந்தத் திசையையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படியே சுடத் தொடங்கினால் சன்னம் இலக்குத் தாளிலேயே படாது. எங்கே பட்டது என்று தெரியாவிட்டால் எந்தப் பக்கம் திருப்புவது என்றும் தெரியாது. பழைய காலத்தில், பின்பக்கத்தைத் திறக்கக்கூடிய ரைபிளை அசையாமல் வைத்து, வெறுங் குழலுக்குள்ளால் கண்ணை வைத்துப் பார்த்து, தூரத்தில் உள்ள ஒரு புள்ளியைக் குழலின் நடுவுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு துவக்கை அசைக்காமல் குறிகாட்டியையும் அதே புள்ளிக்குத் திருப்புவார்கள். லேசர் கருவி செய்வது இதே வேலையைத்தான். கண்ணுக்குப் பதிலாக ஒளிக்கற்றை குழலின் கோட்டில் போய்ச் சுவரில் ஒரு புள்ளியாக விழுகின்றது.

இது இரண்டு வடிவங்களில் வருகின்றது. ஒன்று ரவையின் உருவத்தில் இருக்கும். அதை ரவை இருக்க வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். மற்றையது குழல் வாயில் செருகும் தண்டு. பெரும்பாலானவை சிவப்பு ஒளி தருபவை, சில பச்சை. பகல் வெளிச்சத்தில் சிவப்புப் புள்ளி மங்கிவிடும் என்பதால் மாலை மங்கலிலோ கட்டடத்துக்குள்ளோதான் இதைப் பாவிப்பார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். திரைப்படங்களில் ஒருவரின் நெஞ்சில் சிவப்புப் புள்ளி விழுவதும் உடனே சூடு கேட்பதும் நாம் கண்டதுதான். அது துவக்கின் வெளிப்பக்கத்தில் நிரந்தரமாகப் பூட்டும் வேறு கருவி. குழலுக்குள் வைக்கும் லேசர் சுடும்போது இருக்கவே கூடாது. அதை எடுக்க மறந்து சுட்டால் அடைபட்ட குழல் வெடிக்கும். சுடுபவரின் கையும் முகமும்தான் முதலில் போகும்.

நேர் கோடும் வளைந்த பாதையும்

வீடு கட்டும் மேசன்மார் இப்போது நூலுக்குப் பதிலாக லேசர் மட்டம் பாவிக்கின்றார்கள். சுவருக்கு அது போதும், ஏனென்றால் சுவர் நகர்வதில்லை. சன்னம் நகர்கின்றது. நகரும் பொருளை நிலம் இழுக்கின்றது.

மிளகாய்த் தோட்டத்துக்கு வாட்டர் பம்பில் குழாய் பூட்டித் தண்ணீர் பீய்ச்சியவருக்கு இது தெரியும். குழாயை நேராகப் பிடித்தாலும் தண்ணீர் வளைந்துதான் விழும். தூரத்துப் பாத்திக்கு எட்ட வேண்டுமென்றால் குழாயின் வாயைச் சற்று மேலே தூக்க வேண்டும். சன்னமும் அப்படித்தான். வேகம் மிக அதிகம் என்பதால் அந்த வளைவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

கணக்காகப் பார்க்கலாம். செக்கனுக்கு 800 மீற்றர் வேகத்தில் புறப்படும் ஒரு சன்னம் 100 மீற்றரைக் கடக்க எட்டில் ஒரு பங்கு செக்கன் எடுக்கும். அந்த நேரத்துக்குள் அது ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர் கீழே இறங்கிவிடும். 200 மீற்றரில் இந்த இறக்கம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். காற்றுத் தடை சன்னத்தின் வேகத்தைக் குறைப்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இறங்கும்.

இப்போது லேசர் புள்ளி 25 மீற்றரில் ஒரு மதிலில் விழுகின்றது என்று வைப்போம். தொலைநோக்கியின் சிலுவைக் குறியை அந்தப் புள்ளியின் மேலேயே கொண்டுவந்து நிறுத்துகின்றோம். வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் குழலுக்கு 5 சென்ரிமீற்றர் மேலே இருந்த பார்வைக் கோடு 25 மீற்றரில் குழலின் கோட்டைச் சந்தித்துவிட்டது. அதற்கு அப்பால் இரண்டும் விலகிக்கொண்டே போகும். 100 மீற்றரில் குழலின் கோடு பார்வைக் கோட்டுக்கு 15 சென்ரிமீற்றர் மேலே இருக்கும். சன்னத்தின் 8 சென்ரிமீற்றர் இறக்கத்தைக் கழித்தால், குறிவைத்த இடத்துக்கு 7 சென்ரிமீற்றர் மேலே சூடு படும். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. ஒளி நேராகப் போகின்றது, சன்னம் வளைந்து போகின்றது என்பதால் வந்த வித்தியாசம் இது.

இதனால்தான் விடயம் தெரிந்தவர்கள் லேசரைத் தொடக்கமாக மட்டும் கொள்கின்றார்கள். சன்னத்தை இலக்குத் தாளுக்குள் கொண்டுவர அது உதவும், சில ரவைகளை மிச்சப்படுத்தும். அதற்குப் பிறகு, அனுமதிக்கப்பட்ட சூட்டுப் பயிற்சித் திடலில், துவக்கை அசையாமல் தாங்கி வைத்து, பாவிக்கப்போகும் அதே வகை ரவையால் மூன்று மூன்றாகச் சுட்டு, துளைகளின் நடுவைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஒரே துவக்கில் இன்னொரு வகை ரவையைப் போட்டால் அதுவே வேறு இடத்தில் படும். காற்று அடித்தாலும் இடம் மாறும். எவ்வளவு சரிப்படுத்தினாலும் எல்லாச் சன்னங்களும் ஒரே துளையால் போகப்போவதில்லை.

லேசருக்கும் சொந்தப் பிழை உண்டு. மலிவான கருவியில் ஒளிமுனை நடுவில் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். அந்தச் சாய்வு 100 மீற்றரில் 10 சென்ரிமீற்றர் பிழையைத் தரும் அளவுக்கு இருந்தால் 25 மீற்றரில் இரண்டரைச் சென்ரிமீற்றர்தான் விலகியிருக்கும், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கருவியைக் குழலுக்குள் மெதுவாகச் சுழற்ற வேண்டும். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் கருவி சரி. புள்ளி வட்டம் போட்டால் அது கோணல். அப்போது அந்த வட்டத்தின் நடுவையே குழலின் கோடாகக் கொள்ள வேண்டும். இந்த ஒளியைக் கண்ணால் நேரே பார்க்கக்கூடாது. சின்னப் பிள்ளைகளின் கையில் விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கவும் கூடாது.

எயார் ரைபிளும் அதே கணக்கும்

அண்மை ஆண்டுகளில் குரங்குகளை விரட்ட விவசாயிகளுக்கு எயார் ரைபிள் கொடுப்பது பற்றி நாட்டில் பேசப்பட்டு வருகின்றது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணியில் இருந்து ஐந்து நிமிடம், பயிர்களை அழிக்கும் விலங்குகளை நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். குரங்கும் மயிலும் மர அணிலும் எவ்வளவு பெரிய பிரச்சினையாகிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம்.

எயார் ரைபிளில் வெடிமருந்து இல்லை, அழுத்திய காற்றுத்தான் சின்ன ஈயக் குண்டைத் தள்ளுகின்றது. ஆகவே அது விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. மேலே பார்த்த கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். அதன் குண்டு செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்தில் போனால் 25 மீற்றரைக் கடக்க அதே எட்டில் ஒரு பங்கு செக்கன் எடுக்கும். ரைபிள் சன்னம் 100 மீற்றரில் இறங்கும் அதே 8 சென்ரிமீற்றரை இந்தக் குண்டு 25 மீற்றரிலேயே இறங்கிவிடும். தென்னை மரத்தில் இருக்கும் குரங்கை நோக்கி மேலே சாய்த்துச் சுடும்போது கணக்கு மறுபடியும் மாறும். குறியும் தவறும். தவறிய குண்டு பக்கத்து வளவுக்குள் விழும். கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்க அது போதும். எயார் ரைபிள் வாங்க நினைப்பவர்கள் முதலில் பிரதேச செயலகத்திலும் பொலிஸிலும் அனுமதி விபரங்களைக் கேட்டறிவதே பாதுகாப்பு.

வன்னியின் துவக்குகள் எவை?

இதுவரை சொன்னது ரைபிளுக்கும் எயார் ரைபிளுக்கும் பொருந்தும். ஆனால் பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெறும் கமக்காரரின் கையில் இருப்பது பொதுவாக 12 போர் துவக்கு. இந்தப் "போர்" யுத்தம் அல்ல, குழலின் விட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். குழலின் அளவுக்குச் சரியான ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல் நிறை வரும் என்பதால் அந்தப் பெயர். விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர்.

ரைபிள் குழலுக்குள் சுருள் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். சன்னத்தைச் சுழலவைத்து நேராகப் போகச்செய்வது அவைதான். 12 போர் குழலின் உட்புறம் வழவழப்பானது. அதில் இருந்து ஒரு சன்னம் அல்ல, பல குண்டுகள் ஒன்றாகப் புறப்படுகின்றன. எஸ்.ஜி. தோட்டாவில் ஏறத்தாழ 9 பெரிய குண்டுகள் இருக்கும். இலக்கங்களால் அழைக்கப்படும் மற்றத் தோட்டாக்களில் சின்னக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். வாய் ஒடுங்காத சாதாரணக் குழலில், ஒவ்வொரு மீற்றர் தூரத்துக்கும் ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் வீதம் இவை பரவும். 40 மீற்றரில் அது ஒரு மீற்றர் அகலமான வட்டம்.

குழலின் நுனியில் உள்ள சின்ன மணிதான் இதன் குறிகாட்டி. அதில் திருப்புவதற்குத் திருகாணியே இல்லை. ஆகவே லேசர் வைத்துப் பார்த்தாலும் சரிப்படுத்த எதுவும் இல்லை. இந்தத் துவக்கைச் சோதிக்கும் முறை வேறு. பெரிய மட்டையொன்றில் அளந்த தூரத்தில் இருந்து சுட்டு, குண்டுகள் எவ்வளவு பரவுகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படிச் சோதித்த எவருக்கும் விளங்கும் விடயம், இரவில் 60 மீற்றர் தூரத்தில் தெரியும் இரண்டு கண்களை நோக்கிச் சுடுவது வேட்டை அல்ல, சூதாட்டம் என்பது. ஒன்றிரண்டு குண்டு பட்ட பன்றி காட்டுக்குள் ஓடி, நாட்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். யானைக்குப் பட்டால் அது உடனே சாகாமல், புண் புழுத்து வெறிகொண்ட யானையாக ஊருக்குள் திரும்பி வரலாம். யானையைச் சுடுவது சட்டப்படி பாரிய குற்றமும் ஆகும்.

உரிமம் கிடைக்காத இடத்தில் உருவாவது இடியன் துவக்கு. நீர்க்குழாயையும் மரத்துண்டையும் வைத்து ஊரில் செய்யப்படுவது. முன்பக்கத்தால் மருந்தும் இரும்புத் துண்டுகளும் திணிக்கப்படுகின்றன. அதன் குழல் நேரானது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கைவிடப்பட்ட வெடிபொருட்களில் இருந்து மருந்து எடுக்கும் ஆபத்தான பழக்கமும் இதனோடு சேர்ந்தது. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கணக்காக நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துப்புரவாக்கி வந்த மண்ணில் இது நடக்கின்றது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கண்ணில்லாத துவக்கு

எல்லாவற்றிலும் மோசமானது கட்டுத்துவக்கு. விலங்கு வரும் ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் தட்டுப்பட்டதும் அது வெடிக்கின்றது. இதில் சுடுபவர் இல்லை. பார்வைக் கோடு இல்லை. பார்க்கும் கண் இல்லாதபடியால், கம்பியில் தட்டியது பன்றியா, பசுவா, விறகுக்குப் போன பெண்ணா என்ற வேறுபாடும் அதற்கு இல்லை.

பன்றியின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டப்படும் குழல், நடந்து வரும் மனிதரின் முழங்காலுக்கும் தொடைக்கும் நேரே நிற்கின்றது. இலங்கையின் வைத்தியசாலைகளில் கட்டுத்துவக்குக் காயங்கள் பெரும்பாலும் கால்களிலேயே பதிவாகின்றன. எலும்பு நொருங்கி, மண்ணும் துருவும் உள்ளே போய், காலை அகற்றும் நிலைக்கும் போகலாம். நிலக்கண்ணி தந்த அதே காயத்தை, போர் முடிந்த பிறகு நம்மவரே நம்மவருக்குக் கட்டி வைக்கின்ற கொடுமை இது. ஒரு காலை ஏற்கனவே இழந்தவர்கள் வாழும் ஊர்கள் இவை. காட்டுப் பாதையில் கால் வைக்கும் பயம் இன்னும் அகலாத ஊர்கள்.

வெங்காய வெடியும் இந்த வகையே. தீனிக்குள் மறைத்து வைத்த வெடியை விலங்கு கடித்ததும் தாடை சிதறும். பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடிக்கும், மாடு கடிக்கும், பிள்ளை எடுத்துப் பார்க்கும். 2020 மே மாதம் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானையொன்று வெடி வைத்த தீனியால் வாய் சிதறி ஆற்று நீரில் நின்றபடியே செத்தபோது உலகமே பார்த்தது. இலங்கைக் காடுகளில் யானைகள் இதே வெடியால் சாவது தொடர்கதை. 2024 ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 388 யானைகள் இறந்தன, யானைகளால் 155 மனிதர்கள் இறந்தார்கள். இரண்டு பக்கமும் சாவு என்பதே இந்தப் பிரச்சினையின் உண்மை உருவம்.

சட்டம் என்ன சொல்கின்றது?

இலங்கையில் துவக்குகளை ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். உரிமம் இல்லாமல் எந்தத் துவக்கையும் வைத்திருக்க முடியாது. 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தானியங்கித் துவக்கு வைத்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். காட்டிலோ கிணற்றிலோ பழைய ஆயுதம் ஒன்று கண்ணில் பட்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவிப்பதே ஒரே வழி.

பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கு உரிமத்துக்கு மாவட்டச் செயலகம் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். காணி, பயிர்ச்செய்கை விபரம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பொலிஸ் அறிக்கை என்று பல படிகள் உண்டு. உரிமம் டிசம்பர் 31 உடன் முடியும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். 2024 இன் பிற்பகுதியில், தற்பாதுகாப்புக்கெனத் தனியாருக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. நாட்டில் துவக்கு விடயத்தில் இறுக்கம் கூடிவருகின்றது, குறையவில்லை.

வன்னிக்கு இதில் தனியான ஒரு பாரமும் உண்டு. முன்னர் வயல் காவலுக்கு வீட்டில் துவக்கு வைத்திருந்த குடும்பங்கள் பல. போர்க்காலத்தில் அந்தத் துவக்குகள் வீடுகளை விட்டுப் போயின. 2009 க்குப் பிறகு திரும்பி வந்து குடியேறியவர்களின் கையில் பற்றைக்காடாகிப் போன வயலும், அந்தப் பற்றைக்குள் பெருகிய பன்றியும் யானையும்தான் மிஞ்சின. பொலநறுவையிலோ மொனராகலையிலோ ஒரு கமக்காரர் துவக்கு உரிமம் கேட்டால் அது பயிர்ப் பிரச்சினை. முல்லைத்தீவில் கேட்டால் அது பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்கப்படுமோ என்ற அச்சம் கேட்பவருக்கே இருக்கின்றது. கேட்பதற்கு அஞ்சும் இடத்தில் கட்டுத்துவக்கு ஒளித்து வைக்கப்படுகின்றது. உரிமத்துக்கான வழி தெளிவாகவும் பாரபட்சமில்லாமலும் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை ஆயுதத்தைப் பெருக்கும் கோரிக்கை அல்ல. மறைவில் இருக்கும் கண்ணில்லாத துவக்கைக் குறைக்கும் கோரிக்கை அது.

தவறிய சன்னம் எங்கே போகும்?

சூடு பற்றிய எந்தப் பயிற்சியிலும் முதலில் சொல்லப்படுவது குறி பற்றி அல்ல, குறிக்குப் பின்னால் உள்ளது பற்றி. சன்னம் இலக்கைத் துளைத்தும் போகலாம், தவறியும் போகலாம். .22 என்ற சின்ன ரைபிள் சன்னமே ஒன்றரைக் கிலோமீற்றர் வரை ஆபத்தானது. பெரிய ரைபிள் சன்னம் மூன்று கிலோமீற்றரைத் தாண்டும். மலைநாட்டில் பின்னால் ஒரு மலைச்சரிவு இருக்கும், மண் சன்னத்தை விழுங்கும். வன்னி சமதரை. குளக்கட்டைத் தவிர உயரம் இல்லை. வயலுக்கு அப்பால் இன்னொரு காவல் கொட்டில், அதற்கு அப்பால் ஒரு வீடு. கொட்டிலில் இருப்பவரின் சுருட்டு நெருப்பு இருட்டில் ஒரு விலங்கின் கண்ணாகத் தெரியலாம்.

லேசர் புள்ளி மதிலில் முடிந்துவிடுகின்றது. சன்னம் அங்கே முடிவதில்லை. குறி சரியாக இருக்கின்றது என்ற நம்பிக்கை ஒருவரை இன்னும் தூரத்தில், இன்னும் இருட்டில் சுடத் தூண்டினால் அந்தக் கருவி நன்மையைவிடத் தீமையே செய்யும்.

வேறு வழிகள்

அண்டை நாட்டு அனுபவம் ஒன்று கவனிக்கத்தக்கது. காட்டுப்பன்றித் தொல்லை கூடிய கேரளாவில் 2022 மே மாதம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட வேண்டும் என்றால், உரிமமும் பழக்கமும் உள்ளவர்களின் பட்டியலில் இருந்து ஒருவரை மன்றம் அழைக்கும். தமிழ்நாட்டில் 2025 தை மாதம் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, காப்புக் காட்டில் இருந்து மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையின் பயிற்சி பெற்ற ஊழியர்கள் மட்டும் சுடலாம். இரண்டிலும் உள்ள பொது விடயம், வீட்டுக்கு வீடு துவக்கு என்பதற்குப் பதிலாகச் சோதித்த துவக்கு, பொறுப்புக்கூறும் ஒருவர், பதிவு என்பது. குறி சரிப்படுத்தும் லேசர் போன்ற கருவிக்கு உண்மையான பயன் இருக்கக்கூடிய இடமும் அதுதான்.

யானைக்குத் துவக்கு ஒருபோதும் தீர்வல்ல. 2020 ஆம் ஆண்டில் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்த தேசியச் செயற்திட்டம், காட்டின் எல்லையில் வேலி போடுவதைவிட ஊரையும் வயலையும் சுற்றி வேலி போடுவதையே முன்வைத்தது. வயலைச் சுற்றிப் போகத்துக்குப் போகம் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றும் மின்வேலியை அந்தக் கமக்காரர்களே சேர்ந்து பராமரிப்பார்கள். இத்தகைய வேலியில் மின்சாரம் துடிப்புத் துடிப்பாக வரும், அடிக்கும், ஆனால் கொல்லாது. வீட்டு மின்கம்பியில் இருந்து நேரே இழுக்கும் கள்ள வேலி யானையையும் கொல்லும், இரவில் தண்ணீர் கட்டப் போனவரையும் கொல்லும். இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாவட்ட விவசாயக் குழுக் கூட்டங்களுக்கும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களுக்கும் கமக்கார அமைப்புகள் கொண்டுபோகக்கூடிய கேள்விகள் இவை: எங்கள் வயல் தொகுதிக்குப் போக வேலி எப்போது கிடைக்கும்? யானை வெடி கதிர் முற்றுவதற்கு முன்னரே கைக்கு வருமா? பயிர்ப் பாதுகாப்பு உரிமத்துக்கு விண்ணப்பித்தால் எத்தனை நாளில் எழுத்தில் பதில் வரும்? உரிமம் பெறுபவருக்குப் பயிற்சி கொடுப்பது யார்? கட்டுத்துவக்கு கட்டியிருக்கும் இடம் தெரிந்தால், சொன்னவருக்குப் பிரச்சினை வராமல் யாரிடம் சொல்வது?

கடைசிக் கேள்விக்கான பதிலுக்காக மட்டும் அடுத்த கூட்டம் வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதைக்குக் குறுக்கே கம்பி கட்டியிருப்பது தெரிந்தால், அந்தப் பாதையால் போகும் அயலவருக்கு இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் அந்தப் பாதையால் வரக்கூடும்.